வலி மாத்திரையும் கிணற்றுத் தண்ணீரும்

மூட்டுவலி என்று எங்களிடம் வருவோர் பலரின் மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது. மருந்துச் சீட்டின்றிக் கடையில் வாங்கிய நான்கைந்து மாத்திரைகள். 'இரண்டு வேளை போட்டால் வலி போய்விடுகிறது' என்கிறார்கள். போவது உண்மைதான்.

உடலில் ஓரிடம் பழுதுற்றால் அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் தூதுப்பொருளைச் சுரக்கின்றன. அவ்விடத்தில் இரத்தம் பெருகுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. புண்ணை ஆற்ற உடலே மூட்டும் தீ அது. அத்தீ எல்லை மீறாதபடி அடக்கும் தூதுகளையும் உடலே அனுப்புகிறது. அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசால் அவற்றுள் ஒன்று.

வலி மாத்திரைகள் பல, புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறு செயற்படுவதை 1971இல் கண்டறிந்த ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரைப்பையை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் செல்ல உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். நாளெல்லாம் வெயிலில் உழைத்து, தண்ணீரும் குறைவாகக் குடித்து, இம்மாத்திரையை நாள்தோறும் விழுங்குவோரின் சிறுநீரகத்தை எண்ணி அஞ்சுகிறோம்.

பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருப்பதுண்டு. அது கார்டிசாலைப் போன்றே செயற்படுவது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் பணியைக் குறைத்துக்கொள்ளும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இதைப் படித்த அச்சத்தில் எவரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்; மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் இன்னொன்றையும் கருத வேண்டியுள்ளது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும். அளவு மேலும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகும். அந்த வலிக்கு வேர் தண்ணீரில் இருக்கிறது. மாத்திரை அதைத் தொடுவதேயில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு நீங்காது. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. எனினும் ஆழ்துளைக் கிணற்று நீரே சுவை என்று அதையே குடிப்போர் உண்டு.

குறை எங்களிடமும் உண்டு. நோயாளிகளின் வரிசை நீளும்போது, என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேளாமலே மருந்து எழுதிவிடுகிறோம். இனிக் கேட்போம். அடுத்த முறை வரும்போது அந்தப் பொட்டலத்தையும் மறவாமல் எடுத்து வாருங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.