பழைய பனை உத்திரத்தின் மேல் கான்கிரீட் போடலாமா?

கேள்வி: “தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பனை உத்திரமும் வாரைகளும் இன்னும் கல் மாதிரி இருக்கின்றன. ஓட்டை மட்டும் பிரித்துவிட்டு, அவற்றின் மேலேயே கான்கிரீட் போட்டுவிட்டால் கம்பிச் செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. போடலாமா?”
- வாசகர், ஆலங்குடி வட்டம்

பதில்: போடவே கூடாது. 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் 5 அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டால், அதன் எடை மட்டும் சுமார் 3 டன். சீமை ஓட்டுக் கூரையின் எடை அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஓட்டைச் சுமக்கப் போட்ட மரத்தின் மேல் 3 டன்னை ஏற்றி, அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைப்பது ஆபத்து.

பனையில் வைரம் பாய்ந்திருப்பது வெளிவட்டம்தான். நடுவில் இருப்பது மென்மையான நார். வெளியே தட்டிப் பார்த்தால் கல் போலத்தான் ஒலிக்கும். ஆனால், சுவருக்குள் செருகியிருக்கும் நுனியில் ஈரமும் கரையானும் வேலை செய்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, பச்சைக் கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்து மரம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். இரண்டுக்கும் இடையே விரிசல் விழும். மழைத் தண்ணீர் அதில் இறங்கினால் மரம் மேல்பக்கமாக மக்கிக்கொண்டே போகும்.

‘மெட்ராஸ் ஒட்டு வீடுகள் மரத்தின் மேல்தானே நூறு வருடமாக நிற்கின்றன’ என்று கேட்கலாம். அங்கே மரச்சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, செங்கல்லை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் தளம் போட்டார்கள். அந்தச் சுமைக்கென்றே தேர்ந்தெடுத்த மரம் அது. சுவரும் கனமானது. ஓட்டுக் கூரை மரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆர்.சி.சி. தளம் வேண்டுமானால் முறையாகக் கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, சுவரின் மேல் உட்கார வைக்க வேண்டும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் அந்த எடையைத் தாங்குமா என்பதை ஒன்றியத்து ஓவர்சியரையோ, கட்டடப் பொறியாளரையோ அழைத்துக் காட்டிய பிறகே ஓட்டில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: “கஜா புயலில் விழுந்த பலாவையும் தென்னையையும் அறுத்து மாட்டுக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஆகுமா?”
- வாசகர், கீரமங்கலம்

பதில்: பலாவின் மஞ்சள் நிற வைரம் பூச்சிக்கு எளிதில் இடம் கொடுக்காது. வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும். உளியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்து, உள்ளே இறங்காமல் இருந்தால் நிலை, கதவு, ஜன்னலுக்குத் தாராளமாக வைக்கலாம். தென்னையில் முதிர்ந்த மரத்தின் வெளிப்பகுதிச் சட்டம் மட்டும் உதவும். நடுப்பகுதி எரிக்கத்தான் ஆகும்.

இனி மரம் அறுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அறுத்த உடனே, ஈரம் காயும் முன், 100 லிட்டர் தண்ணீருக்குப் போரிக் அமிலம் 2.4 கிலோ, வெண்காரம் 3.6 கிலோ கலந்து ஊற வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். பிறகு நிழலில், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கிக் காய வைக்க வேண்டும். கெட்டி மரத்துக்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மழை படும் இடத்து மரத்தில் இந்த மருந்து கரைந்து போய்விடும். மிச்சக் கரைசலை வயலிலோ, தென்னைக்கோ ஊற்றக் கூடாது; போரான் அதிகமானால் பயிர் கருகும். மாடும் பிள்ளைகளும் அண்டாத இடத்தில் வைத்து, கையுறை போட்டு வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: “கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வந்திருக்கிறது. வரப்பில் நாலு பனை நிற்கிறது. வெட்டி வீட்டுக்குப் போடலாமா?”
- வாசகர், திருமயம் வட்டம்

பதில்: நினைத்தவுடன் பனையை வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. பழைய குடிசையில் பிரித்த நல்ல மரம் இருந்தால் அதுவே போதும்.

2024-ல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி ஆர்.சி.சி. தளம். மிச்சம் 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரையாகப் போட்டுக்கொள்ளலாம். சொந்த மரத்துக்கு ஏற்ற இடம் இந்த 60 சதுர அடிதான். முன்பக்கம் ஓடு வேய்ந்த தாழ்வாரமாக இறக்கினால் வெயிலும் சாரலும் உள்ளே வராது.

கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும்; மரத்துக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ராயவரம், கடியாபட்டி பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண் கல் பாதத்தின் மேல் நிற்பதைப் பார்க்கலாம். தாழ்வாரத் தூணையும் அதேபோலத் தரைமட்டத்துக்கு மேலே, கல் மீது நிறுத்த வேண்டும். நிலையின் சுவர்ப்பக்கம் தார் பூசிய பிறகே கட்ட வேண்டும்.

கான்கிரீட் போடும்போதே போல்ட்டுகளைப் பதித்து வைத்து, அவற்றில் தாழ்வாரச் சட்டத்தை முடுக்க வேண்டும். வாரைகளை அந்தச் சட்டத்தோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தபோது வெறும் எடையால் உட்கார்ந்திருந்த கூரைகளைக் காற்று சுலபமாகத் தூக்கிப் போனது. போல்ட்டுக்கும் பட்டைக்கும் ஆகும் சில நூறு ரூபாயை மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.