சங்கைப் படமாக எடுத்து வாருங்கள்

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு மும்பையின் ஜுஹு கடற்கரைக்குச் செல்கிறீர்களா? கடல் வற்றியிருக்கும் காலை வேளையில் தேய்ந்து வெளுத்த கிளிஞ்சல்களும் சங்குகளும் மணலில் கிடக்கக் காண்பீர்கள். பழுதானவை என்று அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். அலைகள் அரைத்த அடையாளமே அவற்றின் அழகு.

உங்களிடமுள்ள சிறிய கேமராவே போதும். அதில் பூ அடையாளமிட்ட அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூம் செய்யாமல் கேமராவையே அருகில் கொண்டுசெல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சாய்ந்து விழும் இளவெயிலில் வரிகளும் தேய்மானமும் நிழலோடு எழுந்து நிற்கும். பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி தெளிந்தபின் முழுவதும் அழுத்துங்கள். அளவு விளங்கும்படி நாணயம் ஒன்றை அருகில் வைக்கலாம். லென்ஸில் மணல் புகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சங்கை வீட்டிற்குக் கொண்டுபோக விரும்புவார்கள். வெற்றுச் சங்குதான் துறவி நண்டுக்கு வீடு என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். உடல் வளர வளர அது பெரிய சங்கைத் தேடி அலைகிறது. வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு அந்த அலைச்சல் தெரியாததன்று. மேலும், சிலவகைச் சங்குகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படுகின்றன. ஆகவே படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்கை அது கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.