கை அறியாத கல்வி

பகலில் தொழில்செய்து இரவிற் கற்கும் வளர்ந்தோருக்கு இணையவழிக் கல்வி பெரும் வாய்ப்பை அளித்துள்ளது என்பதை மறுப்பாரிலர். மறுக்கப்படவேண்டியது அதன் நிழலில் வளர்ந்துவரும் வேறொரு வாதமாகும். தொழில்புரிவோருக்கு நேரமில்லை, ஆதலாற் செய்முறைப் பயிற்சியையும் காணொளியாக்கி அனுப்பிவிட்டாற் போதும் என்பதே அவ்வாதம். 2020ஆம் ஆண்டிற் கொவிட் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது வேறு வழியின்றிக் கைக்கொள்ளப்பட்ட ஏற்பாட்டை, தொற்று அடங்கிய பின்னரும் சிக்கனத்தின் பெயரால் நியாயப்படுத்துவோர் உளர். இஃது இரக்கம் போலத் தோன்றும் வஞ்சனையேயாம்.

இவ்வாதத்தை முன்வைப்போர் தொலைக்கல்வியின் வரலாற்றையேனும் நோக்கியிருத்தல் வேண்டும். 1963இல் ஹரோல்ட் வில்சன் எடுத்துரைத்த ‘வானலைப் பல்கலைக்கழகம்’ என்ற எண்ணமே பின்னர் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. 1971இல் அது கற்பித்தலைத் தொடங்கியபோது பீ.பீ.சி.யின் தொலைக்காட்சியும் வானொலியும் அதற்குத் துணைநின்றன. திரையிற் காட்டினாற் போதுமெனில் அதனினும் எளிய வழி வேறில்லை. ஆயினும், விஞ்ஞான மாணவரின் வீடுகளுக்குப் பரிசோதனைப் பொதிகள் அனுப்பப்பட்டன. கைக்கடக்கமான மக்காதர் நுணுக்குக்காட்டியும் அவற்றில் இருந்தது. அதுவும் போதாதென்று, கோடை விடுமுறையில் ஏனைய பல்கலைக்கழகங்களின் ஆய்வுகூடங்களில் ஒருவார வதிவிடப் பயிற்சியும் நடத்தப்பட்டது. அம்மாணவருட் பெரும்பாலோரும் தொழில்புரிந்தோரே, அவர்களுக்கும் நேரமிருக்கவில்லை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அச்சிட்ட பாடநூல்களோடு நின்றுவிடாது, பிரதேச நிலையங்களையும் நேர்முக வகுப்புகளையும் ஆய்வுகூடப் பயிற்சியையும் தன் முறையின் அங்கங்களாக்கியது.

திரை எதனைத் தரமாட்டாது? கணினியில் வரையப்பட்ட மின்சுற்றிலே, வரைந்தவர் கருதினாலன்றி இணைப்பு எதுவும் தளர்வதில்லை. உண்மைச் சுற்றிலோ தளர்ந்த முனையிலே தொடுகைத் தடை மிகுந்து வெப்பம் பிறக்கும். கம்பியின் உறை கருகும். சிலவேளை வீடே எரியும். குருதியமுக்கம் அளக்கும் காணொளியில் நாடியொலி தெளிவாகக் கேட்கும். நோயாளர் நிறைந்த விடுதியின் இரைச்சலிடையே, பருத்த புயத்தைச் சிறிய பட்டியாற் சுற்றி, உண்மையினும் உயர்ந்த பெறுமானத்தைப் பெற்றுத் திகைக்கும் அனுபவம் அதில் இல்லை. (தொலைவிலிருந்தே இணையத்தின்வழி உண்மைக் கருவியை இயக்கும் ஏற்பாடுகள் சில நாடுகளில் உள்ளன. அவை இக்கண்டனத்துக்கு ஓரளவு புறம்பானவை. அங்கே கருவி பொய் சொல்வதில்லை.)

வளர்ந்தோர் விடயத்தில் இன்னுமொன்றுங் கவனிக்கத்தக்கது. பாடசாலையிலிருந்து நேரே வரும் மாணவனைப் போன்று அவர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. பல்லாண்டு மின்வேலை செய்தவர் பழுதைத் தொட்ட மாத்திரத்தே அறிவார். அதன் காரணத்தைச் சமன்பாட்டில் எழுத அறியாதிருக்கலாம். ஆகவே பாடத்தின் தொடக்கமே அவரது தொழிற்களமாதல் வேண்டும். வேலைத்தலத்திற் கண்ட பழுதைக் குறித்துவந்து, அதற்குரிய கோட்பாட்டை இரவில் இணையத்திற் கற்று, வார இறுதியில் ஆய்வுகூடத்தில் அளந்து பார்ப்பாராயின், இணையமும் கையும் உண்மையிலேயே இணைந்தனவாகும். தவணை முழுதும் விரிவுரைகளைத் திரையிற் காட்டிவிட்டு, ஈற்றில் இரண்டு நாட்கள் ஆய்வுகூடத்துக்கு அழைப்பது வெறும் ஒட்டுவேலையே.

மன்னாரிலோ முல்லைத்தீவிலோ நாட்கூலிக்கு உழைப்பவர் செய்முறைப் பயிற்சிக்கெனக் கொழும்புக்கு வருவதாயின் பயணச் செலவோடு கூலியையும் இழப்பார் என்பது மெய்யே. அதற்குப் பரிகாரம் செய்முறையை நீக்குவதன்று. ஆய்வுகூட மேசையை அவரிருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்வதாகும். மாவட்டத்திலுள்ள தொழினுட்பக் கல்லூரிகளினதும் பெரிய பாடசாலைகளினதும் ஆய்வுகூடங்களை ஞாயிறு தோறும் இம்மாணவருக்குத் திறந்துவிடலாம். பயிற்றுநருக்குப் படி கொடுப்பது யார், உடைந்த கருவிக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விகள் உடனே எழும். காணொளிக் கூடம் அமைக்கப் பணம் ஒதுக்கும் நிருவாகங்கள் முதலில் இக்கேள்விகளுக்கு விடை கூறட்டும்.