சீட்டும் சரக்கும் ஒன்றாகட்டும்

ஒரு வெள்ளிக்கிழமை தூரத்திலிருந்து வந்த வாடிக்கையாளர், எமது புடவைக் கடையின் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஜும்ஆவுக்காகப் பூட்டும் நேரம் எமது இணையத்தளத்தில் இருந்தது. தேடுபொறிதான் அதை நேரமென்று விளங்கிக்கொள்ளவில்லை.

சரக்குக்குச் சீட்டுக் கட்டுவதுபோல், இது நேரம், இது விலை, இது முகவரி என்று அதற்கும் குறித்துக் கொடுக்க வேண்டும். இதற்கென 2011இல் கூகிள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட பொதுச் சொற்தொகுதியே ஸ்கீமா. கட்டணமில்லை, முதலிடத்துக்கு உத்தரவாதமுமில்லை.

சிலரோ தம் தளத்தில் தமக்கே ஐந்து நட்சத்திரம் இட்டுக்கொள்கின்றனர். 2019 முதல் கூகிள் அவற்றைத் தேடல் முடிவில் காட்டுவதில்லை. விலை மாறினால் அன்றே சீட்டையும் மாற்றுங்கள். அளவையில் பேணும் நேர்மை சீட்டிலும் வேண்டும்.