பேட்ஜ் சேர்க்கலாம், குறிப்போடு

கோவில்பட்டி நண்பர் ஒருவர் தபால்தலை, பழைய காசு என்று பல வருடமாகச் சேர்க்கிறவர். இப்போது ஹிட்லர் காலத்து ஜெர்மன் பேட்ஜ்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். “இதையெல்லாம் சேர்க்கலாமா சார்?” என்று கேட்டார். சேர்க்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். பெரும்பாலும் தகரம் அல்லது மலிவான உலோகம். கட்சி மாநாடு, மே தினம், விளையாட்டு விழா என்று எது நடந்தாலும் ஒரு பேட்ஜ் போடுவார்கள். 1933இல் தொடங்கிய குளிர்கால நிவாரண நிதிக்கும் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கி, காசு போட்டவருக்கு ஒன்று கொடுப்பார்கள். பெயருக்குத்தான் நன்கொடை. சட்டையில் குத்தாமல் போகிறவரை நாலு பேர் கவனிப்பார்கள். மொய் நோட்டில் பெயர் இல்லாதவர் படும் சங்கடத்தோடு போலீஸ் பயத்தையும் சேர்த்துப் பாருங்கள், புரியும்.

1935 நியூரம்பர்க் மாநாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சுதந்திர மாநாடு’. அங்கேதான் செப்டம்பர் 15ஆம் தேதி யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. 1939இல் நடக்கவிருந்தது ‘சமாதான மாநாடு’. அதற்குள் செப்டம்பர் 1ஆம் தேதி போலந்துக்குள் படையை அனுப்பிவிட்டார்கள், மாநாடே நடக்கவில்லை. பேட்ஜில் இதெல்லாம் எழுதியிருக்காது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். போர்க்காலத்தில் ஜெர்மன் பிடியிலிருந்த பிரான்ஸில் வளர்ந்த வாத்தியார் ஒருவர் எங்களுக்கு இருந்தார். ஹிட்லர் பெயர் வந்தாலே அவர் குரல் இறங்கிவிடும். இங்கே வேலைக்கு வந்த பிறகு, கறாரான அதிகாரியை ‘ஹிட்லர்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டேன். 60 லட்சம் யூதர்களைக் கொன்றவன் நமக்கு ஒரு பட்டப்பெயராகிவிட்டான். பேட்ஜில் இருக்கும் ஸ்வஸ்திகாவைக் கூட, கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் போடுகிற மங்கலச் சின்னம் என்றே பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. நேதாஜியின் இயக்கத்துக்காக 1943இல் ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் அச்சானது பெர்லின் அரசு அச்சகத்தில்தான். ஏர் உழும் விவசாயி, ராட்டை நூற்கும் பெண், அறுந்த சங்கிலி என்று படங்கள் அழகாக இருக்கும். தபாலில் அவை ஓடியதே இல்லை. ஜெர்மனியில் அவர் திரட்டிய படை, சிங்கப்பூரில் திரண்ட ஐ.என்.ஏ. அல்ல. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட நம் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். 1944 ஆகஸ்டில் அது எஸ்.எஸ். அமைப்பின் கீழ் போனது. நேதாஜி மேல் நம் தென்சீமைக்கு உள்ள பாசம் எனக்கும் உண்டு. அவருடைய விடுதலை வேட்கை உண்மை. அச்சடித்துக் கொடுத்த அரசு எது என்பதும் உண்மை. என் ஆல்பத்தில் உள்ள தபால்தலைக்குக் கீழே இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லாததால் பொறுப்பு சேர்க்கிறவர் கையில் இருக்கிறது.

அலுவலகத்தில் குறிப்பு எழுதாத கோப்பை நாங்கள் மேலே அனுப்ப மாட்டோம். பேட்ஜுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எந்த ஆண்டு, எதற்காக, அப்போது அங்கே யாருக்கு என்ன நடந்தது என்று தமிழில் மூன்று வரி எழுதிப் பக்கத்தில் வையுங்கள். நமக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிற பிள்ளைகள் படிக்கட்டும். எழுத மனம் வராதவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.