லொறி உரிமையாளன் யாருக்காக ஓடுகின்றான்?

ஜெயபுரத்திலும் முழங்காவிலிலும் நாச்சிக்குடாவிலும் மாலையில் சாமான் ஏற்றும் லொறி, விடியுமுன் சந்தை வாசலில் நிற்க வேண்டும். மீனென்றால் பேலியகொடை, மரக்கறியென்றால் தம்புள்ளை. இரண்டு மணித்தியாலம் பிந்தினால் ஐஸ் கரைந்துவிடும். விலையும் அதனோடு கரைந்துவிடும். இவ்வளவு அவசரமான தொழிலைத் தலையிற் சுமப்பவன் பெரும்பாலும் ஒரேயொரு லொறியை உடையவன். தானே உரிமையாளன், தானே சாரதி. ஊர் அவனை 'முதலாளி' என்று அழைக்கின்றது. அவனுடைய கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படி அழைக்கத் துணியமாட்டார்கள்.

சட்டத்தின் கண்ணில் இவன் யார்? 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளிக்கு ஆகக் குறைந்த சம்பளத்தை உறுதி செய்கின்றது. ஆனால், இவன் எவரிடமும் சம்பளம் பெறுபவன் அல்லன். ஆகவே அந்தப் பாதுகாப்பு இவனுக்கில்லை. பஸ் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கின்றது. லொறிக் கூலியையோ, ஏற்றுவிக்கும் கம்பனியும் தரகரும் நிர்ணயிக்கின்றனர். லீசிங்கில் எடுத்த லொறியாயின், இறுதித் தவணை கட்டி முடியும்வரை அதன் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயரே நிற்கும். நட்டம் வரும்போது மட்டும் இவன் முழு முதலாளியாகி விடுகின்றான்!

2022ஆம் ஆண்டின் பாடத்தை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், யூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. டீசல் ஏறினால் கூலியும் ஏறும் என்ற நிபந்தனையை முன்னரே எழுதி வாங்காதவன், ஓடினாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டான். தவணைத் தேதி அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே, எந்தக் கம்பனிக்கு ஓடுவது என்பது இவனுடைய வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கும் கேள்வி. அந்தக் கேள்வியை 'ஓர் ஓட்டத்துக்கு எவ்வளவு தருவாய்?' என்ற ஒன்றோடு முடித்துக்கொள்வதே பெருங் கேடு.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் சொல்வோம். போகவும் வரவும் 600 கிலோமீற்றர். ஒரு கம்பனி 60,000 ரூபா தருகின்றது. ஆனால் இறக்குமிடத்தில் ஒரு நாள் காக்க வைத்து, வெறும் லொறியாகத் திருப்பி அனுப்புகின்றது. மற்றது 50,000 ரூபாதான் தருகின்றது. ஆனால் உடனே இறக்கி, 20,000 ரூபாவுக்குத் திரும்பு சுமையும் கொடுக்கின்றது. முன்னதில் மூன்று நாளுக்குக் கிலோமீற்றருக்கு 100 ரூபா. பின்னதில் இரண்டே நாளில் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 117 ரூபா. கூடிய கூலி என்று கண்டது குறைந்த கூலியாக முடிந்தது!

கையொப்பமிடுமுன் ஒவ்வொரு லொறி உரிமையாளனும் கேட்க வேண்டியவற்றை நாம் இங்கே நிரைப்படுத்துகின்றோம். டீசல் விலை மாறினால் கூலி எவ்வாறு மாறும்? காத்திருக்கும் மணித்தியாலங்களுக்குக் கூலி உண்டா? திரும்பு சுமை யாருடைய பொறுப்பு? கூலியில் எவை எவை கழிக்கப்படும். கழித்ததற்குத் துண்டு தரப்படுமா? சரக்குப் பழுதானால், ஏற்றும்போதே பழுதாயிருந்ததா என்பதை யார் பார்த்து எழுதுவது? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? விலகிப் போக விரும்பினால் வைப்புப் பணம் எப்போது திரும்பும்? நேர்மையான கம்பனி இவற்றுக்குத் தயங்காது விடையளிக்கும். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதே ஒரு விடைதான். அதைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடுவதே புத்தி.

விடைகள் எழுத்தில் இருக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மேல் வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு. எழுத்திலில்லாததற்கு 3 ஆண்டுகள். செய்த வேலைக்கான கூலி என்று எதிர்த்தரப்பு வாதித்து வென்றுவிட்டால், எஞ்சுவது ஓராண்டுதான். வாய்ச்சொல்லை நம்பி நாட்களைத் தள்ளியவன், நியாயம் தன் பக்கமிருந்தும் வழக்கை இழப்பான்.

எழுத்து எந்த மொழியில்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் கம்பனியின் ஒப்பந்தத் தாளுக்குள் அது புகவில்லை. தனக்கு விளங்காத மொழியில் கையொப்பமிடுபவன், கண்ணைக் கட்டிக்கொண்டு லொறியோட்டுபவனுக்கு ஒப்பாவான். தமிழ்ப் பிரதியைக் கேட்டுப் பெறுவது சலுகை அன்று. தன் உழைப்பைக் காக்கும் முதற் காவல்.

இவை நடவாத காரியங்கள் என்று சிலர் கூறலாம். தனி முதலாளித்துவத்தின் தாயகமெனப்படும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கு சொந்த லொறியோடு கம்பனிக்கு ஓடுபவர்களுக்கென மத்திய அரசின் விதிகள் உண்டு. ஒப்பந்தம் எழுத்திலிருக்க வேண்டும். பயணப் பத்திரங்களைக் கையளித்த 15 நாட்களுக்குள் கூலி தர வேண்டும். வருமானத்தில் வீதம் பேசியிருந்தால், சரக்குக்காரரிடம் வாங்கிய தொகையின் பட்டியலைச் சாரதிக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து 45 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்ப வேண்டும். இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் சொந்த லொறிச் சாரதிகள் வீதியில் இறங்கினர். அதே ஆண்டில் தமக்கென ஒரு சங்கமும் கண்டனர். அரசின் காது திறந்தது ஒன்றுபட்ட குரலால்.

கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லொறிக்காரனின் கூலியை அமுக்கினால் உங்கள் மரக்கறிக்கு விலை கூடும் என எண்ணற்க. அமுக்கிய பணம் தரகரிடமே தங்கும். கூலி கட்டாதவன் அளவுக்கு மிஞ்சி ஏற்றுவான், நித்திரையின்றி ஓடுவான், ரயரை மாற்றாது ஓடுவான். வீதியில் அவன் கவிழும்போது கவிழ்வது உங்கள் கமமுந்தான்.

2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடிய கண்டி வீதி, 2009க்குப் பின் மீண்டும் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் வந்தது. பாதை திறந்தது, அந்தப் பாதையில் ஓடுபவனுக்கு நியாயம் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்கும் சாவி நம் கையிலேயே உண்டு. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கின்றது. பூநகரிப் பகுதியின் லொறி உரிமையாளர்கள் அதன்கீழ் ஒரு சங்கமாகப் பதிந்து, திரும்பு சுமையைத் தாமே தேடி, ஒரே ஒப்பந்தத் தாளை எல்லாக் கம்பனிகளின் முன்னும் வைக்கட்டும். அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது சட்டத்தரணிகளின் கடன். கணக்கை ஒழுங்கு செய்து கொடுப்பது கணக்காளர்களின் கடன். படித்தவர் கைகொடுக்க, கமக்காரர் தோள்கொடுக்க வேண்டும். தனித்தனியே கேட்டால் 'வேறு லொறி பார்க்கின்றோம்' என்பார்கள். எல்லா லொறியும் ஒன்றாய்க் கேட்டால் வேறு லொறி எங்கே இருக்கின்றது?