எடையும் மூச்சும்

குளிர்காலம் வந்துவிட்டால் தலைநகர் தில்லியில் ஒரே விவாதம்தான். பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் பயிர்க் கழிவுகள் காரணமா, தலைநகரின் வாகனங்கள் காரணமா என்று அரசுகள் ஒன்றன்மீது ஒன்று பழி சுமத்துவதும், பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. இந்தக் கூச்சலுக்கு இடையே, வளரிளம் பருவத்தினரின் உடல் எடைக்கும் அவர்களது மூச்சுத் திணறலுக்கும் உள்ள தொடர்பு கவனிப்பாரற்றுப் போகிறது.

'லங் கேர்' அறக்கட்டளையும் புணேயின் 'பல்மோகேர்' ஆய்வு அறக்கட்டளையும் 2021-ல் வெளியிட்ட ஆய்வை இப்போதாவது ஆட்சியாளர்கள் புரட்டிப் பார்க்க வேண்டும். தில்லி, கோட்டயம், மைசூரு நகரங்களின் 12 தனியார் பள்ளிகளில் 3,157 மாணவ, மாணவியரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. தில்லி மாணவர்களில் 29.3 சதவீதம் பேருக்கு மூச்சுக் குழாய் அடைப்பு இருந்தது. மற்ற இரு நகரங்களில் 22.6 சதவீதம். அதிக எடையோ, உடல் பருமனோ கொண்டவர்கள் தில்லியில் 39.8 சதவீதம், கோட்டயத்திலும் மைசூருவிலும் 16.4 சதவீதம். எடை கூடியவர்களிடையே ஆஸ்துமா கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது.

இதை வைத்துக்கொண்டு காற்று மாசு குற்றமற்றது என்று எவரேனும் வாதிடப் புறப்பட்டால் அது விஷமத்தனம். கோட்டயத்தின் காற்றும் தில்லியின் காற்றும் ஒன்றல்ல. ஆனால், மார்பிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பு நுரையீரலை முழுமையாக விரியவிடுவதில்லை. கொழுப்புத் திசுக்களிலிருந்து சுரக்கும் சில பொருள்கள் உடலெங்கும் அழற்சியைத் தூண்டுகின்றன. பருமனான ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் எதிர்பார்த்த பலனைத் தராமல் போவதும் உண்டு.

ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஓடாதே, ஆடாதே என்று தடுத்து வைக்கிறோம், எடை கூடுகிறது, கூடிய எடை மூச்சை மேலும் இறுக்குகிறது. மாசு இந்த வளையத்தை இன்னும் இறுக்குகிறது. 2025 நவம்பரில், நவம்பர், டிசம்பர் மாதப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் பாதுகாப்பான மாதங்களுக்கு மாற்றுவது குறித்துப் பரிசீலிக்குமாறு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தை உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. நச்சுக் காற்றில் பிள்ளைகளை ஓடவிட முடியாது என்பது நியாயமே. மைதானம் மூடப்படும் அந்த வாரங்களில் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? கூரையுள்ள விளையாட்டரங்கம் எத்தனை பள்ளிகளில் உள்ளது?

உணவு விஷயத்திலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020-ல் விதிமுறை வகுத்தது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தால் அந்த 50 மீட்டரின் மதிப்பு விளங்கிவிடும்.

இவற்றைவிட வேதனையான புள்ளிவிவரமும் அந்த ஆய்விலேயே உள்ளது. தில்லியில் ஆஸ்துமா இருப்பதாகக் கண்டறியப்பட்ட மாணவர்களில், ஏற்கெனவே மருத்துவர் மூலம் அதை அறிந்திருந்தவர்கள் 12 சதவீதம் மட்டுமே. இன்ஹேலர் பயன்படுத்தியவர்கள் 3 சதவீதம். கட்டணம் செலுத்திப் படிக்கும் தனியார் பள்ளி மாணவர்களின் நிலையே இது. மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு நடைமுறையில் உள்ளது. அதைத் தனியார் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தி, உயரம், எடையை அளக்கும் அதே நாளில் நுரையீரல் திறனையும் கருவியில் ஊதச் செய்து பரிசோதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே இதைத் தில்லியில் தொடங்கலாம்.